தோட்டத்து வீட்டுக்கு எந்த இணைப்பு: ஃபைபரா, 4ஜி ரவுட்டரா, ஸ்டார்லிங்க்கா?

கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர் சொல்வதை நம்பி ஹட்டன், மஸ்கெலியா மாதிரி இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கங்களில் இன்டர்நெட் இணைப்பு வாங்காதீர்கள். அவருக்குத் தரை தட்டை, டவர் கூப்பிடு தூரத்தில், அதனால் விலையும் வேகமும் பார்த்தால் போதும். நமக்கு அந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: வாசலில் நின்று பார்த்தால் எந்த மலை தெரிகிறது, எந்த மலை மறைக்கிறது? அது தெரியாமல் பேக்கேஜ் விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் காசு போகும், ரவுட்டர் அலுமாரிக்கு மேல் தூசி பிடிக்கும்.

கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். "தம்பி, மகள் ஏ.எல். எடுக்குது, ராவுல சூம் கிளாஸ், லயத்துல ஒரு கோடுதான் காட்டுது, என்னத்தப் போடலாம்?" ஏ.எல். என்றால் உயர்தரப் பரீட்சை, லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, கோடு என்றால் போனில் சிக்னல் காட்டுகிற கோடு. இருக்கிற வழிகள் நான்கு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசியில் வரும் இணைப்பு, கண்ணாடி இழையில் வரும் ஃபைபர், சிம் போடுகிற 4ஜி ரவுட்டர், செய்மதியிலிருந்து வரும் ஸ்டார்லிங்க். செம்புக் கம்பியை இங்கேயே முடித்துவிடலாம். தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் அதில் வேகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தோட்டங்களில் அந்தக் கம்பி தோட்டத்துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்கும் போனதோடு சரி, லயத்துப் பக்கம் வந்தது அபூர்வம். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அதே கம்பி வழியே வந்து மோடத்தை எரித்துவிட்டுப் போகும். இனிமேல் புதிதாக யாரும் அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

மற்ற மூன்றும் அடிப்படையில் ஒரே சங்கதிதான், மின்காந்த அலை. 1860களில் மேக்ஸ்வெல் கணக்கில் கண்டுபிடித்ததை 1880களின் கடைசியில் ஹெர்ட்ஸ் ஆய்வுகூடத்தில் செய்தே காட்டினார். செக்கனுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். வானொலி, 4ஜி, டிவி டிஷ், ஃபைபருக்குள் ஓடுகிற ஒளி எல்லாம் அதன் பிள்ளைகள், மாறுவது மீடிறனும் (செக்கனுக்கு எத்தனை அலை என்பது) அலைநீளமும் மட்டும். 4ஜி ஓடுகிற மீடிறன்களில் 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 1800க்கு 17, 2300க்கு 13. ஸ்டார்லிங்க் மேலேயிருந்து அனுப்புவது இரண்டரை சென்டிமீட்டர் அளவு. ஃபைபருக்குள் போகிற ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூட. நீளம் கூடின அலை மலை முனையில் கொஞ்சம் வளைந்து மறுபக்கம் இறங்கப் பார்க்கும், நீளம் குறைந்தது நேராகப் போய் மோதி நின்றுவிடும். ஸ்டோரில் சங்கு ஊதினால் மலைக்குப் பின்னால் இருக்கிற லயத்துக்கும் கேட்கிறது, ஸ்டோர் லைட் வெளிச்சம் அங்கே தெரிவதில்லை, அந்த மாதிரி.

4ஜி ரவுட்டரையே முதலில் எடுத்துக்கொள்வோம், நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு முடிவு அங்கேதான் போய் நிற்கப் போகிறது. வீட்டு பிராட்பேண்ட் என்று விற்பவை 2300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளில் ஓடுவது வழக்கம். அங்கே இடம் தாராளம், அதனால் வேகமும் தாராளமாகக் கொடுக்கலாம், டவர் கண்ணுக்குத் தெரிகிற வீட்டுக்கு அது உண்மையிலேயே நல்ல சாமான். ஆனால் கண்ணுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மேடு வந்துவிட்டால் 13 சென்டிமீட்டர் அலை அதைத் தாண்டி உங்கள் வாசலுக்கு இறங்கி வருவது கஷ்டம். கையில் இருக்கிற போன் 900லோ 1800லோ இரண்டு கோடு காட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலேயே புது ரவுட்டர் சிவப்பு லைட்டோடு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ரவுட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்: இந்தச் சேவை எந்த அலைவரிசையில் வரும், இந்த ரவுட்டர் 900, 1800 எல்லாம் பிடிக்குமா, சாதாரண டேட்டா சிம்மைப் போட்டால் ஏற்றுக்கொள்ளுமா? கடைசி இரண்டு கேள்விக்கும் "ஆமாம்" என்று வந்தால் பள்ளத்து லயத்துக்காரர்கள் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அப்புறம், கோடுகளை நம்பாதீர்கள். போன் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போடுகிற கோடு அது. செல் தகவல் காட்டுகிற ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டால் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் காட்டும், டவரிலிருந்து வந்து சேருகிற சிக்னலின் பலம் அது, டிபிஎம் கணக்கில், முன்னால் கழித்தல் குறியோடு. -85 என்றால் அருமை, -100 என்றால் வகுப்பு ஓடும், -115ஐத் தாண்டினால் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே அதிர்ஷ்டம். இந்தக் கணக்கில் ஏற்ற இறக்கத்தை டிபி (டெசிபெல்) என்று சொல்வார்கள், 3 டிபி கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. இதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள், ஒரே வீட்டுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று ஆச்சரியப்படுவீர்கள். லயக் காம்பரா (லயத்து அறை) என்றால் மேலே தகரம், சுற்றிலும் தடித்த கல் சுவர். தகரம் உலோகம், ரேடியோ அலையை அப்படியே திருப்பி அடித்துவிடும், மிச்சம் மீதியைக் கல் சுவர் குடித்துவிடும். உள்ளே அலுமாரிக்கு மேல் -112 காட்டுகிற அதே ரவுட்டரை இஸ்தோப்பு (முன் திண்ணை) தூணில் டவர் பக்கம் பார்த்து மாட்டி -97 வந்துவிட்டால் 15 டிபி லாபம், அதாவது முப்பது மடங்குக்கு மேல். செலவு ஓர் ஆணியும் ஒரு வயரும்.

இன்னொரு குறை அடிக்கடி காதில் விழும்: "டவர் எங்க தலைக்கு மேலதான் இருக்கு, எங்களுக்குத்தான் சிக்னல் இல்ல." இதில் சதி ஒன்றும் இல்லை. டவரில் தொங்குகிற நீளப் பெட்டிகள் நான்கு பக்கமும் சமமாக அலை வீசுவதில்லை. பக்கவாட்டில் அகலமாகவும் மேலும் கீழும் ஒரு சில பாகை அளவுக்கு ஒடுக்கமாகவும் வீசும், அதுவும் டவுனையும் பெரிய ரோட்டையும் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். நேர் கீழே, மலைத் தோளுக்கு அடியில் இருக்கிற லயத்துக்கு மேலாகவே எல்லாம் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு எதிர்மலையில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அந்தக் கரை மாதிரி ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற டவர்தான் கைகொடுக்கும். தூரம் அவ்வளவு பெரிய எதிரி இல்லை. இரண்டு மடங்கு தூரத்துக்கு 6 டிபிதான் குறையும், நடுவில் வருகிற ஒரு மேடு அதைப்போலப் பல மடங்கு தின்றுவிடும்.

இங்கேதான் வெளி ஆண்டெனா வருகிறது. பழைய டிவி ஆண்டெனா மாதிரி குச்சி குச்சியாக இருக்கிற ஒன்றை எதிர்மலையைப் பார்த்துத் திருப்பினால் 9, 10 டிபி கிடைக்கும், கூரைக்கு மேல் போனதற்கான லாபம் தனி. ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது, கேபிள். மெல்லிசான கறுப்புக் கேபிள் 2300 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிபி சாப்பிடும். பத்து மீட்டர் இழுத்தால் ஆண்டெனா சம்பாதித்துக் கொடுத்தது முழுவதும் கேபிளிலேயே கரைந்து, ரவுட்டருக்கு வந்து சேரும்போது லாபம் பூச்சியம். காசு கொடுத்து ஆண்டெனா போட்டும் மாற்றமே இல்லை என்று புலம்புகிறவர்களின் வீட்டில் முதலில் நான் பார்ப்பது அந்தக் கேபிளைத்தான். தடித்த கேபிள் வாங்கினால் நஷ்டம் நான்கில் ஒன்றாகக் குறையும், விலை ஏறும். அதைவிட நல்லது, ஆண்டெனாவும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக வருகிற வெளி ரவுட்டரைக் கம்பத்தில் ஏற்றி, கீழே நெட்வொர்க் வயர் ஒன்றை மட்டும் இறக்குவது. அந்த வயரில் போவது டிஜிட்டல் தகவல், நூறு மீட்டர் வரைக்கும் பிரச்சினை இல்லை. ஆண்டெனாவும் ஒன்று போதாது, 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டம் அனுப்பும், அதனால் இரண்டு வேண்டும், ஒன்று இந்தப் பக்கம் 45 பாகை சாய்ந்தும் மற்றது அந்தப் பக்கம் சாய்ந்தும் இருக்க வேண்டும். நேர் எதிரே கிரெவிலியா மரவரிசை நின்றால் கம்பத்தை இரண்டு மீட்டர் நகர்த்திப் பாருங்கள், நனைந்த இலை நிறைய அலையைக் குடிக்கும்.

ஃபைபருக்கு வருவோம். கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், எடுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போனால் அரை டிபிகூடக் குறையாது, மலை மறைக்காது, மழை தெரியாது, இழையில் மின்சாரம் பாயாததால் இடி அந்த வழியாக உள்ளே வராது. பிரச்சினை "கிடைத்தால்" என்பதில்தான். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை டவுன்களில் இருக்கிறது, பெரிய ரோட்டை ஒட்டின வீடுகளுக்கும் எட்டலாம், ஆனால் ரோட்டிலிருந்து தேயிலை மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் இறங்கின டிவிசனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவுக்கு) கம்பம் நட்டுக்கொண்டு வர கம்பெனிக்கு லாபக் கணக்கு சரிப்படாது. கம்பெனி ஒத்துக்கொண்டாலும் லயம் நிற்கிற நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில், கம்பம் நட அவர்கள் சம்மதமும் வேண்டும். லயத்துக்குத் தனி முகவரி இல்லாத கதை வேறு, விண்ணப்பப் படிவத்தின் முதல் வரியிலேயே நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பக்கம் வருமா என்று தெரிந்துகொள்ள விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கம்பங்களில் ஃபைபர் பிரிக்கிற சின்னப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். அங்கிருந்து வீட்டுக்கு எத்தனை கம்பம் என்பதுதான் உங்கள் உண்மையான விலை. போட்ட பிறகு செய்யக் கூடாத ஒன்று, இழையை ஜன்னல் மூலையில் இறுக்கி மடக்கி ஆணி அடிப்பது. ஓர் அளவுக்கு மேல் வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், வெளியில் பார்த்தால் கேபிள் முழுசாகத்தான் இருக்கும்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்ததும் மலைநாட்டுப் பிரச்சினையே தீர்ந்த மாதிரி பேச்சு வந்தது. பாதி உண்மை. டிவி டிஷ் பார்க்கிற செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த யோசனையை 1945லேயே எழுதி வைத்த ஆர்தர் சி. கிளார்க் பிறகு நம் நாட்டிலேயே வந்து குடியிருந்தவர், அது ஒரு தனிக் கதை. அங்கே போய் வருகிற அலைக்குக் கேள்வி ஒரு தடவை, பதில் ஒரு தடவை என்று கிட்டத்தட்ட அரைச் செக்கன் ஆகிவிடும். சூமில் ஆசிரியர் கேட்டதற்குப் பிள்ளை பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அளவில் தாழப் பறக்கின்றன, அதனால் அந்தத் தாமதம் இல்லை, வகுப்புக்குத் தாராளமாகப் போதும். ஆனால் தாழப் பறக்கிறது என்றால் ஒரே இடத்தில் நிற்காது, ஒன்று மறைய அடுத்தது வரும், டிஷ் அவற்றைத் தாவித் தாவிப் பிடிக்க வேண்டும். டிவி டிஷ்ஷுக்கு மரங்களுக்கு இடையில் ஒரு சந்து போதும், இதற்கு நூறு பாகைக்கு மேல் திறந்த வானம் வேண்டும். அதோடு அந்தச் செய்மதிகளின் பாதை ஐரோப்பா இருக்கிற அட்சரேகைப் பக்கம்தான் நெருக்கம், நம் ஏழு பாகைக்கு மேல் கொஞ்சம் ஐதாகத்தான் இருக்கும். ஆகவே இடுக்குப் பள்ளத்தில், இரண்டு பக்கமும் மலையும் யூக்கலிப்டஸும் நிற்கிற வீட்டில் வைத்தால் ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். வாங்குவதற்கு முன் அவர்களுடைய ஆப்பில் வானத்தைச் சுற்றிப் படம் பிடித்துப் பார்க்கலாம், எங்கே மறைக்கிறது என்று அதுவே காட்டிவிடும். இதைச் செய்யாமல் ஆர்டர் போடாதீர்கள்.

விலையும் இருக்கிறது. ஆரம்பித்தபோது கருவி ஒரு லட்சத்துக்கு மேல், மாதக் கட்டணம் 12,000 பக்கத்திலிருந்து. 2024ல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதை வைத்துக் கணக்குப் போட்டால் மாதத்தில் ஒன்பது பேர் (ஒன்பது நாள் வேலை) அதற்கே போய்விடும், கருவிக்கு எண்பது பேருக்கு மேல். கொழுந்து எடுக்கிற வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனசு வராது. ஹோம்ஸ்டே நடத்துபவர், டியூஷன் கிளாஸ், பள்ளிக்கூடம் என்றால் பேச்சு வேறு.

இந்த இடத்தில் பனிமூட்டத்தையும் சொல்லியாக வேண்டும், எல்லோரும் அதன் மேல் பழி போடுகிறார்கள். பனித்துளி அவ்வளவு பொடிசு, 13 சென்டிமீட்டர் அலைக்கு அது இருப்பதே தெரியாது, ஸ்டார்லிங்க்கின் இரண்டரை சென்டிமீட்டருக்கும் பொருட்டு இல்லை. அடைமழை அப்படி இல்லை. பெருந்துளி உயர்ந்த மீடிறனைத் தின்னும், அதனால் தென்மேற்குப் பருவத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது டிவி டிஷ்ஷும் ஸ்டார்லிங்க்கும் தடுமாறும். 4ஜி அலையை மழை நேரடியாகத் தொடுவது மிகக் குறைவு. பின்னே ஏன் மூடி இருட்டிக் காற்றும் மழையும் வந்தால் 4ஜி போகிறது என்றால், பெரும்பாலும் கரண்ட்தான். மரம் விழுந்து லைன் போயிருக்கும், டவர் பெட்டரியில் சில மணித்தியாலம் ஓடிவிட்டுப் படுத்துவிடும். எந்த ஆண்டெனா போட்டாலும் அதற்கு மருந்து இல்லை. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது. 4ஜி ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பத்து வாட் அளவில்தான் குடிக்கும், அது தாங்கும். ஸ்டார்லிங்க்கின் வழக்கமான டிஷ்ஷுக்கு 75 வாட்டுக்கு மேல் வேண்டும், பெரிய பெட்டரியும் இன்வர்ட்டரும் இல்லாமல் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பார்த்தோமே. ரோடு சரிந்த இடத்தில் கம்பமும் சரிந்தது, கரண்ட் போனது, போன் போனது, பக்கத்துத் தோட்டத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் கிடந்தோம். டவருக்கும் பின்னால் ஒரு ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ இருக்கிறது, அது அறுந்தால் கோடு முழுசாகக் காட்டினாலும் நெட் வராது. ரோட்டையும் கம்பத்தையும் நம்பாமல் ஓடக்கூடியது செய்மதி ஒன்றுதான். அதனால் வீட்டுக்கு வீடு வேண்டாம், ஆனால் டிவிசனுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ, சோலாரும் பெட்டரியும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பேன். தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் வாக்குக் கேட்டு வருபவர்களும் தகரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடுக்கிற காசில் ஒரு துளி இது.

சரி, வீட்டுக்கு என்ன? கம்பத்துப் பெட்டி பக்கத்தில் இருந்தால் ஃபைபர். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு டவரோ டவர் நிற்கிற மலையோ கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வெளி 4ஜி ரவுட்டர், உயரத்தில், அந்தத் திசை பார்த்து. எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்காதீர்கள், டயலொக்கோ மொபிட்டலோ ஹட்ச்சோ, அக்கம்பக்கத்தில் யாரிடம் எந்த சிம் இருக்கிறதோ வாங்கிப் போட்டுப் பார்த்து எந்த எண் நல்லதோ அதை எடுங்கள். இரவு எட்டு மணிக்கும் ஒரு தடவை வேகம் பாருங்கள், ஊரே வீடியோ பார்க்கிற நேரத்தில்தான் டவரின் வண்டவாளம் தெரியும். எதுவும் தெரியாத பள்ளம் என்றால் 900 பிடிக்கிற ரவுட்டரும் சாதாரண சிம்மும். வேகம் குறைவாகத்தான் இருக்கும், வீடியோவை நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் கேட்டுப் படிக்கலாம். அதுவும் வராது, வானம் திறந்திருக்கிறது, நான்கு வீடு சேர்ந்து காசு போட முடியும் என்றால்தான் ஸ்டார்லிங்க், அதுவும் பங்கிட்டுக்கொள்வதற்கு அவர்கள் நிபந்தனை என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு.

டவர் வந்தால் கதிர்வீச்சு என்று கையெழுத்து வாங்கித் திரிபவர்களுக்கு ஒரு வரி: அந்த அலையின் மீடிறன் நாம் பார்க்கிற வெளிச்சத்தைவிட லட்சக்கணக்கான மடங்கு குறைவு, எக்ஸ் கதிர் மாதிரி அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்குகிற சக்தி அதற்குக் கிடையாது.

கடைசியாக, ஆன்லைனில் மலிவாக வருகிற "சிக்னல் பூஸ்டர்" பெட்டிகளை வாங்காதீர்கள். அது வெறும் ஆண்டெனா இல்லை, தானே அலை வீசுகிற கருவி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. சட்டத்தை விடுங்கள், சரியாகப் பொருத்தாத பூஸ்டர் தன் சத்தத்தையே தான் கேட்டு ஊளையிட்டு டவரின் காதை அடைத்துவிடும், உங்கள் லயத்தோடு சேர்த்துப் பக்கத்து லயத்துக்கும் இருந்த ஒரு கோடும் போய்விடும்.